என் பக்கத்துப் பிரேக்

அன்புள்ள மகளுக்கு,

கழுத்துக்குக் கீழே அப்பா நலம். கழுத்தும் அதற்கு மேலே இருப்பதும் எப்படி என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ தலை முதல் கால் வரை நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் அம்மா சொல்லத்தான் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டப் போனேன். நீ சின்னப் பிள்ளையில் பலகை மேல் உட்கார்ந்து அலறுவாயே, அதே சலூன்காரர்தான். தலையைச் சாய்ங்க என்றார், சாயவில்லை. இந்தப் பக்கம் திருப்புங்க என்றார், நாற்காலியோடு சேர்ந்து திரும்பினேன். சரி சார், நீங்க செலை மாதிரி இருங்க, நானே சுத்தி வர்றேன் என்று பாவம் சுற்றிச் சுற்றி வெட்டினார். கடைசியில் பவுடர் போட்டுவிட்டு, இங்கயா சார் வலிக்குது என்று பின்கழுத்தில் மெதுவாகக் கையை வைத்தார். அவ்வளவுதான், பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. ஐயோ வெட்டிருச்சா சார் என்று அவர் பதறிப்போய் ரத்தத்தைத் தேடுகிறார், காத்திருந்தவர்கள் எல்லாம் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். கண்ணில் முடி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். கண்ணில் விழுகிற அளவுக்கு என் தலையில் முடி ஏது? அது உனக்கும் தெரியும், அவருக்கு நன்றாகவே தெரியும்.

வண்டி இடிபட்டு மாதக்கணக்காகிறது, இன்னும் இப்படித்தான் இருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த தையல்கடை அம்மாள் சிக்னலில் அத்தனை அழகாக நிறுத்தினார். சபாஷ் என்று சொல்ல அவர் பக்கம் தலையைத் திருப்பினேன், அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த வேன் மோதியது. அவருக்கு ஒரு கீறல் இல்லை, பாராட்டப் போன கழுத்துக்குத்தான் பரிசு. ஸ்கேனில் எலும்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தலை பாரமாக இருக்கிறது, காதுக்குள் ஓயாமல் விசில் அடிக்கிறது, நடக்கும்போதே தரை நழுவுகிற மாதிரி ஒரு கிறுகிறுப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தக் கோபம்தான் புதுசு. உன் அம்மா கை தவறிக் கரண்டியைப் போட்டதற்கு வீடே அதிரும்படி கத்தினேன். அவள் கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டே, கழுத்துல அடிபட்டா கழுத்தோட நிக்கணும், அது ஏன் வாய்க்கு வருது என்றாள். நியாயமான கேள்விதான். உன் மாமா வந்து, படத்துல ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் இல்லதான் மச்சான், வேலைக்குப் போகாம இருக்க நல்ல வழி கண்டுபிடிச்சீங்க என்று சிரித்துவிட்டுப் போனார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. படத்துல தெரியாத அடியும் இருக்கு, இந்த மாதிரி வலியில மனசும் சேர்ந்து சோர்ந்துபோறது உண்டு, அது உங்க தப்பில்ல, வீட்டுல மனசு விட்டுப் பேசுங்க என்றார். தலையாட்ட முடியாததால் சரி என்று வாயால் சொல்லிவிட்டு வந்து, யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி முதலாளி நல்ல மனுஷர். ஆபீஸில் உட்கார்ந்து சாலைக் குறிகளைச் சொல்லிக்கொடுங்க போதும் என்றிருக்கிறார். போன வாரம் துணிந்து வண்டியில் என் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். சாவியை மறந்துட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். சாவி அங்கேதான் தொங்கியது, எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருந்தால் உனக்கு வண்டி பழக்கிய நாட்கள்தான் வந்து நிற்கின்றன. ஆலைக்குப் பின்னால் அந்தக் காலி மைதானம், உயரம் போதாமல் உனக்கு அடியில் ரெண்டு தலையணை, பின் சீட்டில் பயந்துகொண்டே கடலை கொறிக்கும் உன் அம்மா. நீ கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுப்பாய். கண்ணாடி பாதிதான்டி சொல்லும், கழுத்தைத் திருப்பிப் பாரு என்று கத்துவேன். கழுத்து வலிக்குதுப்பா என்பாய். ஏன், கழுத்து என்ன வாடகைக்கு எடுத்ததா என்று கேட்பேன். அந்தக் கேலி இத்தனை வருஷம் கழித்து வட்டியோடு எனக்கே திரும்பி வந்திருக்கிறது. பள்ளி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா, அந்தப் பழக்கத்தில் நம் சொந்த வண்டியிலும் நீ வேகமெடுக்கும்போதெல்லாம் என் கால் தரையை மிதிக்கும். அப்பா, அங்க பிரேக் இல்ல, வெறும் தரைதான், ஓட்டை போட்டுராதீங்க என்று நீ சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை வரப்பில் ஏறியது. கால்மிதி அந்த இடத்தில் இன்னும் தேய்ந்துதான் கிடக்கிறது, மாற்ற மனசு வரவில்லை.

உன் வண்டியில் சீட்டுக்கு மேலே இருக்கும் தலைத்தாங்கி கழுத்தளவில் நிற்கிறதா, தலையளவில் நிற்கிறதா என்று இன்றைக்கே பார். தலையளவில்தான் நிற்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொன்ன நான் என்னுடையதைப் பார்க்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, நேரத்தோடு தூங்கு. நீ போகிற சாலையெல்லாம் உனக்கு நல்லபடியாக வழிவிடட்டும், நீடூழி நன்றாயிரு.

நேற்று போனில், நான் வேணா வரட்டுமாப்பா என்று கேட்டாய். வேண்டாம்மா, லீவை வீணாக்காதே, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன் என்றேன். கழுத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது, உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இல்லாத அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுதுகிறேன். நேற்று வாயில் வராதது ஒரே ஒரு சொல்தான். வா.

உன் அப்பா