வாசலில் ஒருத்தி

அக்கா,

இன்று காலை லுக்குட் சிக்னலில் என் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் ஓர் ஒட்டுப்பால் லோரி நின்றது. சிரட்டையில் உறைந்து நாறும் அந்த ரப்பர் கட்டிகளின் வாடை தாங்காமல் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் மூக்கைப் பொத்தவில்லை. உங்கள் கை அப்படித்தான் நாறும். எந்தச் சவுக்காரத்துக்கும் அது போனதில்லை.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் அந்த லயத்து வீடுகளுக்கு நான் முதலில் கைப்பேசியும் கோபமுமாக வந்தேன். தோட்டம் கைமாறியிருந்தது. வாங்கிய கம்பெனி வீடுகளை இடிக்கப் பார்த்தது. மாற்று வீடு பற்றி மூச்சே விடவில்லை. படம் பிடித்து ஊருக்குக் காட்டவேண்டும் என்று வந்தவளை நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்த ஒட்டுப்பால் கட்டிகளை ஒவ்வொன்றாக இரண்டாய் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். எடை கூட்டுவதற்காக உள்ளே மண்ணை வைத்து உருட்டுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு கட்டி சிக்கினாலும் வியாபாரி மூட்டையையே தள்ளிவிடுவான்.

“எங்க கக்கூச படம் புடிச்சி யாருக்குப் புள்ள காட்டப் போற?”

“உங்களுக்காகத்தான் பாட்டி.”

“பாட்டியா? பல்ல ஒடச்சிருவேன். அக்கான்னு கூப்புடு. ஒன்ன யாரு அனுப்புனா?”

“யாரும் அனுப்பல.”

“அதான் லா பயமா இருக்கு. யாருன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கலாம்.”

முதல் வீட்டு மேரி அக்கா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த தேத்தண்ணி சிந்தியது.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் வந்தேன். என் வயதுக்காரர்களோடு பேசினால் சம்பளமும் கார் தவணையும்தான். உங்கள் கூட்டத்தில் யாரை வேண்டுமானாலும் வாய்விட்டுத் திட்டலாம். கூட சேர்ந்து திட்ட ஆள் இருந்தது. ஆனாலும் உங்களை நான் நம்பவில்லை. கம்பெனி ஆள் வந்தால் அவனுக்குப் பால் கலந்த தே, எனக்குப் பால் இல்லாத தே ஓ. அவன் சொன்னதற்கெல்லாம் “சரிங்கய்யா” என்றீர்கள். மூன்று தலைமுறையாகத் துரைக்குக் குனிந்த முதுகு, இனி எங்கே நிமிரப்போகிறது என்று நினைத்தேன்.

மந்தினில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன அஞ்சலை அக்கா திரும்பி வந்தபோது அவர் வீட்டில் கதவும் இல்லை, கூரைத் தகரமும் இல்லை. ஆள் இல்லாத வீடு கைவிட்ட வீடாம், கம்பெனி சொன்ன நியாயம் அது. அன்றிலிருந்து அவர் உங்கள் வீட்டில்தான் படுத்தார். அது தெரிந்தும், போர்ட் டிக்சன் கடற்கரையில் குடும்ப நாள், பஸ்ஸும் பிரியாணியும் இலவசம் என்று கம்பெனி ஆள் வந்து சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “வர்றோங்கய்யா, எல்லாரும் வர்றோம்.”

பைப்படியில் வைத்துக் கத்தினேன். “ஒரு பொட்டலம் பிரியாணிக்கு வீட்ட வித்துட்டீங்களே, வெக்கமா இல்ல?”

“கத்து புள்ள. இன்னும் சத்தமா கத்து. கார்ல ஏறிட்டான், அவனுக்குக் கேக்க வேணாமா?”

நக்கல் என்றுதான் நினைத்தேன்.

குடும்ப நாளன்று தொப்பியும் பவுடருமாக ஒரு கூட்டம் பஸ் ஏறிப் போனது. பஸ் மண்சாலையைத் தாண்டியதும் கடப்பாறைகளோடு லோரி உள்ளே வந்தது. முன்னால் அவன் கார். படம் பிடிக்கக் கைப்பேசியைத் தூக்கினேன். முதல் வாசலில் மேரி அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் போகல?” காரிலிருந்து இறங்கியவன் கேட்டான்.

“வயித்தால போவுது தம்பி.”

அடுத்த வாசலில் ஒருவருக்கு முழங்கால் வலி. அதற்கடுத்து, தன் வீட்டு வாசலில் அஞ்சலை அக்கா. அவருக்குக் கடல் காற்றே ஆகாதாம். எந்த வாசலும் காலியாக இல்லை. கடைசி வாசலில் நீங்கள், கையில் கத்தியோடு, ஒட்டுப்பாலை வெட்டியபடி.

“எல்லாரும் வர்றோம்னு சொன்னீங்களே?” என்றான்.

“அதான் போயிருக்காங்களே. எங்க பங்கையும் சேத்துச் சாப்புடுவாங்க.”

லோரி திரும்பிப் போனது. என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்தேன். “நீ நெசமா கத்துனதாலதான அவன் நம்புனான்? அதோட, ஒன்னயும் வெட்டிப் பாக்க வேணாமா?” என்றீர்கள். அன்று எனக்கும் பால் கலந்த தே கிடைத்தது. நீங்கள் என்னோடு பழகினீர்களா, என்னை வைத்து வேலை வாங்கினீர்களா? அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. கேட்டிருந்தால் இரண்டும்தான் லா என்றிருப்பீர்கள்.

போன மாதம் உங்களைத் தூக்கியபோது கம்பெனி பெயரில் பெரிய மாலை வந்தது. அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியிலேயே வைத்தேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று யாராவது வாயைத் திறந்தால் ஒரு கை பார்ப்பது என்று தயாராக இருந்தேன். வேலையே இல்லை. எனக்கு முன்பே மேரி அக்கா, அஞ்சலை அக்கா, எல்லாரும் வேனில் ஏறியிருந்தார்கள். “ஆம்பளைங்கள மட்டும் நம்பி அக்காவ அனுப்ப முடியாது. ஏறு புள்ள,” என்றார் மேரி அக்கா.

படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பி லயத்தைப் பார்த்தேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வளைவில், செம்பனை மரத்தடியில், அந்தக் கார் நின்றது.

இறங்கிவிட்டேன். வேன் உங்களுக்குப் பின்னால் போனது. உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவும் முடியவில்லை. எல்லா வீட்டுக் கதவையும் திறந்து வைத்தேன். மேரி அக்காவின் வெங்காயக் கூடையை எடுத்துவந்து உங்கள் வாசலில் உட்கார்ந்தேன். கார் மெதுவாக ஊர்ந்து வந்து எதிரில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“நீ போகலையா?”

“வயித்தால போவுது,” என்றேன்.

உங்கள் வீட்டுச் சாவி இப்போது என் மோட்டார் சாவியோடு கிடக்கிறது. பூட்டுவதற்கு இதுவரை தேவைப்படவில்லை. வாசலில் எங்களில் ஒருத்தி எப்போதும் இருக்கிறாள்.