வறட்சி தாங்கும் என்றேன்

ஆகஸ்ட் 28, வியாழன்
மரபணுவைத் திருத்தி வறட்சி தாங்குகிற நெல் உருவாக்கியிருக்கிறார்களாம். டிவியில் வந்ததிலிருந்து என் விதை, உரக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதையே கேட்கிறார்கள். இன்று விதைக் கம்பெனி ஆள் வந்தார். அவர் கொண்டுவந்தது சாதாரண ரகம்தான். பையில் மட்டும் வெடித்த நிலம், பச்சைப் பயிர் படம். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. அவங்களா கேப்பாங்க. சிரிச்சா போதும்." இறக்கச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி
பிச்சையம்மாள் வந்தது. புருஷன் இல்லாமல் தனியாக இரண்டு ஏக்கர் பார்க்கிற பொம்பளை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிவியில சொன்ன நெல்லு இதுதானாண்ணே?" என்றது. சிரித்தால் போதாதா? "அந்த ரகந்தான் தாயி. வறட்சி தாங்கும்" என்றேன். வாயில் தானாக வந்தது என்று எழுதினால் அதுவும் பொய்.

டிசம்பர் 19, வெள்ளி
கார்த்திகையோடு மழை நின்றுபோச்சு. கண்மாயில் பாதித் தண்ணீர்தான், முறை வைத்து விடுகிறார்கள். டீக்கடையில் ஒரே சிரிப்பு. பிச்சையம்மாள் தன் முறையைக் கொழுந்தன் சோலையப்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாம். "என் நெல்லு தாங்கும், நீ பாச்சிக்க" என்று கண்மாய்க் கூட்டத்திலேயே சொல்லி, முறை நோட்டிலும் எழுதியாச்சாம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு
வண்டியை எடுத்துக்கொண்டு பிச்சையம்மாள் வயலுக்குப் போனேன். அதுவும் வரப்பில் நின்றது. பொதி கட்டி, கதிர் வெளியே வரப்போகிற பயிர். இலையெல்லாம் ஊசியாகச் சுருண்டு நிற்கிறது.
"சுருளுது. ஆனா தாங்கும்லண்ணே?"
"தாங்கும்."
ஏன்டா? இன்னொரு தடவை ஏன் சொன்னே?

டிசம்பர் 22, திங்கள்
வேளாண்மை ஆபீஸில் கலைமதி மேடத்திடம் கேட்டேன். "அந்த ரகம் இன்னும் விவசாயி கைக்கே வரலைண்ணே. வந்தாலும் தண்ணியே இல்லாம வெளையிற நெல்லுன்னு ஒண்ணு கெடையாது."
"தெரியும்மா."
"தெரிஞ்சுமா வித்தீங்க?"
பயிர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மட்டும் கேட்டேன். நாலைந்து நாளுக்குள் தண்ணீர் பாயாவிட்டால் எல்லாம் பதர் என்றார்.

டிசம்பர் 23, செவ்வாய்
பிச்சையம்மாள் வயலுக்குப் பக்கத்தில் போர்வெல் வைத்திருக்கிறவரிடம் தண்ணீர் கேட்டுப் பார்த்தேன். அவர் மிளகாய்க்கே பத்தவில்லையாம். என் வீட்டுக்காரி பிரகதீஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தண்ணி கெடைச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? கமுக்கமா பாச்சிட்டு நல்லவரு பேரும் வாங்கியிருப்பீங்க" என்றாள். இருபது வருஷம் கூட இருக்கிறவளிடம் மறைக்க முடியாது.

டிசம்பர் 24, புதன்
கண்மாய்க் கூட்டத்துக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அது திருத்தின நெல் இல்லை, சாதா நெல். தெரிந்தேதான் சொன்னேன். பிச்சையம்மாளுக்கு முறையைத் திருப்பிக் கொடுங்கள்.
யாரோ பின்னாலிருந்து, "உடையப்பண்ணே, ஒங்க கடை யூரியாவாச்சும் யூரியாவா, இல்ல கல்லுப்பா?" என்றான். கூட்டமே சிரித்தது. சோலையப்பன் சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணிய நம்பித்தான் என் மேட்டு வயலு நிக்குது. இவரு பொய் சொன்னதுக்கு அது காயணுமா?" என்றான். நியாயம்தானே. ரொம்ப நேரம் இழுத்து, கடைசியில் அந்த முறைத் தண்ணீரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நான் கெடுத்தது ஒரு வயலை இல்லை, இரண்டு வயலை.
வெளியே பிச்சையம்மாள் ஒன்றுதான் கேட்டது. "ஞாயித்துக்கெழம வரப்புல நின்னீங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

ஜனவரி 30, வெள்ளி
அறுப்பு முடிந்ததாம். தண்ணீர் எட்டிய பள்ளத்து வயல் நெல், எட்டாத மேட்டு வயல் பதர். பிச்சையம்மாளுக்கும் அப்படி, சோலையப்பனுக்கும் அப்படி. நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு?

பிப்ரவரி 9, திங்கள்
கடையில் ஈ ஓட்டுகிறேன். பதினோரு மணி பஸ்ஸில் பிச்சையம்மாள் வந்து இறங்கியது. நேராக உளுந்து மூட்டையிடம் போய், "இது என்ன உளுந்து?" என்றது. ரகத்தைச் சொன்னேன், போன வருஷத்து விதை என்பதையும் சொன்னேன்.
"ஒரு பிடி மடிச்சுக் குடுங்க. ஈரத்துணியில கட்டிவச்சுப் பாத்துட்டு வாரேன்."
காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அடுத்த பஸ்ஸில் போய்விட்டது.
முளைக்க மூன்று நாள் ஆகும். சாயங்காலம் ஒருவர் அந்த மூட்டையையே கேட்டார். வியாழக்கிழமைக்கு அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.