தொட்டில் பக்கத்துத் தகரம்

என்னங்க,

காத்து ஏறிக்கிட்டே போகுது. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன், அது கான்கிரீட் வீடு. உங்க சாப்பாட்டையும் எடுத்துட்டுப் போறேன்.

தகரக் கூரைக்குக் கயிறு கட்டுறேன்னு மேல ஏறிடாதீங்க. ஈரக்காத்துல துருப்பிடிச்ச ஸ்க்ரூ எல்லாத்தையும் மாத்தியாச்சுன்னு நான் சொன்னது பொய். ட்ரில் சத்தத்துல பாப்பா முழிச்சிடும்னு, கூரை வேலைக்கு வந்தவரைப் பாதியிலேயே அனுப்பிட்டேன். தொட்டில் பக்கம் ஒண்ணுகூட மாத்தலை. இப்ப அந்தத் தகரம்தான் தூக்கித் தூக்கி அடிக்குது.

காலையில "எல்லாம் புதுசா முறுக்கியாச்சே, என்ன பயம்?"னு நீங்க சிரிச்சப்ப எரிஞ்சு விழுந்தேனே, அதுக்கு இதுதான் காரணம்.

ஏணியைப் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட இருக்கு, தேடாதீங்க.

பி.கு: எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அக்கா வீட்டுக்கு வந்து திட்டுங்க.