வலது தோளில் விழுந்த பொட்டு

என் மைமூனுக்கு, கோபம் தீராத செல்லக்கனி எழுதுவது.

உன்னை அடக்கம் செய்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதியாகிவிட்டது. உன் மகள் ஜன்னத் உன் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாள். மான்குர்து பக்கம் சீத்தா கேம்பில் உன்னிடம் சிலம்பம் படித்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எழுதுகிறார்களாம், பாதிப் பேர் இந்தியில். என்னையும் எழுதச் சொன்னாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுத என்று கேட்டேன். பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்றாள். என் பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே வராது. அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது அச்சுப் போடுகிறவன் பாடு.

உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு பாக்கி கிடக்கிறது. அதைப் பேசி முடிக்காமல் உன்னைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். தாராவியில் நம் சந்தில் உன் வாப்பா தோல் பட்டறையில் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தால் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பையன்களுக்குக் கம்பு சொல்லிக்கொடுப்பார். மகள் என்பதால் நீ நின்றாய். நீ நின்றதால் நான் நின்றேன். என் அம்மை அதற்காக என்னை அடித்தாள். அடித்த அகப்பை உடைந்துபோனதற்கும் சேர்த்து இன்னொரு தடவை அடித்தாள். நான் மறக்கவில்லை.

நாம் வயசுக்கு வந்த பிறகும் உன் வாப்பா நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை நான் கும்பிடுவேன். விடியுமுன் பங்களா வேலைக்குப் போகிற பெண்கள் சில பேர் வந்து தங்களுக்கும் கம்பு சொல்லித்தரக் கேட்டார்கள். இருட்டில் ஸ்டேஷன் வரை நடக்கிறவர்கள், அவர்களுக்குத் தேவை இருந்தது. உன் வாப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்.

"பொம்பளையளுக்குப் பொம்பளதான் சொல்லிக்குடுக்கணும். உங்க ரெண்டு பேர்ல யாருன்னு கம்பே சொல்லட்டும்."

அந்தப் பொங்கலுக்கு நமக்குள் போட்டி வைத்தார். கம்பின் நுனியில் துணியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளில் தோய்த்துக் கொடுப்பார்கள். யார் உடம்பில் முதலில் வெள்ளைப் பொட்டு விழுகிறதோ அவர் தோற்றவர். ஜெயித்தவளுக்கு வாப்பாவின் பழைய பிரம்புக் கம்பும், பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பும். சந்தில் எல்லாருக்கும் முடிவு முன்னாலேயே தெரியும். மைமூன்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உன் கால் சுவடு தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். என் காலோ அம்மியை நகர்த்துகிற மாதிரி.

அன்றைக்குக் கொட்டுமேளம் காதைப் பிளந்தது. நீ பச்சைச் சட்டையில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாய். நான் என் இடது பக்கமிருந்து ஒரு வீச்சு வீசினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாயங்காலம் தவறாமல் உன் மேல் வீசி, தவறாமல் நீ தடுத்த அதே வீச்சு. நீ தடுக்கவில்லை. அசையக்கூட இல்லை. உன் வலது தோளில் வெள்ளையாகப் பொட்டு விழுந்தது.

மேளக்காரனே ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டான். எல்லாரும் உன்னைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள், எப்படி விட்டாய், எப்படி விட்டாய் என்று. நீ தோளைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய்.

"அவளுக்குத்தான ஆசை. அவளே வச்சிக்கிட்டுப் போட்டும்."

மைமூன், இந்த வார்த்தையை நான் எத்தனை வருஷம் சுமந்தேன் தெரியுமா? அடுத்த மாதம் நிக்காஹ் முடிந்து நீ சீத்தா கேம்புக்குப் போய்விட்டாய். அங்கே நீயாக ஒரு வகுப்பு ஆரம்பித்து நல்ல பெயர் எடுத்தாய். இங்கே என்னை எல்லாரும் வாத்தியாரம்மா என்றார்கள். ஆனால் சண்டை வந்தால் போதும், அந்த வார்த்தை எழுந்து வந்துவிடும். தன் பெண்ணை முன் வரிசையில் நிறுத்தவில்லை என்று ஒரு மகராசி தண்ணீர் வரிசையில் வைத்துக் கத்தினாள், விட்டுக்கொடுத்து வாங்கின கம்புதானே இது என்று. அவள் பெயரை எழுதலாம். உயிரோடு இருக்கிறாள், பேரன் படித்துக் காட்டிவிடுவான், வேண்டாம்.

உன்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் மறுபடி ஒரு தடவை நிற்போம் என்று கேட்டேன். உன் தலைப்பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று கேட்டேன். ஜன்னத் கல்யாணத்தில் பிரியாணி சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். "ஏட்டி, இந்த வயசுலயா?" என்று சிரித்துவிட்டுப் போனாய். அதோடு நான் உன் வீட்டுப் படி ஏறவில்லை. என் வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் தூக்குச்சட்டியையும் நீ திருப்பித் தரவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

நீ போன செய்தி போனில் வந்தது. வந்தேன், முகம் பார்த்தேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பினேன். அழவில்லை. விட்டுக்கொடுத்தவள் நீ, அழ வேண்டியவளும் நீதான் என்று இருந்தேன்.

பிறகு ஜன்னத் போன் செய்தாள். செம்பூரில் பிள்ளைகளுக்குப் போட்டி வருகிறது, உம்மா இல்லாமல் வகுப்பு நின்று கிடக்கிறது, தனக்கு ஆஸ்பத்திரி டியூட்டி மாறி மாறி வருகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர முடியுமா என்றாள். இப்போது காலம் நமக்குச் சாதகமாக இருக்கிறது மைமூன். கம்பு எடுத்தால் பள்ளிக்கூடத்தில் மார்க் உண்டாம். அதனால் என்னிடமும் கூட்டம், உன்னிடமும் கூட்டம். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோலிவாடா ஸ்டேஷனில் ஏறினேன். பெயரை மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் கோலிவாடாதான். மான்குர்தில் இறங்கி ஷேர் ரிக்ஷாவில் உன் பேட்டைக்கு வந்தேன். பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். முதலில் வணக்கம் வைக்கிற சலாம் வரிசை எடுங்கள் என்றேன். எடுத்தார்கள். கால் எல்லாம் உன் கால். வயிறு எரிந்தது, அவ்வளவு அழகு.

ஆனால் கழுத்து சரியில்லை. ஒருத்தி விடாமல் எல்லாரும் முகவாயை வலது பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. நம் சந்தில் நீ ஒரு நாளும் அப்படி நின்றதில்லை, அதனால் முதலில் ஏதோ ஸ்டைல் என்று நினைத்தேன். சண்டைச் சுவடுக்கு வந்த பிறகும் அப்படியே நின்றார்கள். அப்படி நின்றால் இடது பக்கம் வருகிற கம்பு கண்ணில் படாதே. பெரிய பிள்ளை ஒருத்தியை எதிரே நிறுத்தினேன். லேசாக ஒரு வீச்சு. அவள் இடது தோளில் போய் உட்கார்ந்தது. அவளுக்குக் கம்பு வந்ததே தெரியவில்லை.

"கழுத்தை ஏன்ட்டி திருப்புத?" என்றேன்.

"உஸ்தாத் அப்படித்தான் நிப்பாங்க பாட்டி. எங்களுக்கும் அப்படித்தான் சிக்காயா, சொல்லிக்குடுத்தாங்க."

டியூட்டி முடிந்து ஜன்னத் வந்து சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உங்கள் உம்மா இப்படித் தப்பாகச் சொல்லிக்கொடுப்பவள் இல்லையே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"உம்மாக்கு வலது கண்ணு தெரியாதுல்லா பெரியம்மா. பொறந்ததுலேருந்தே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது மைமூன். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லாத கண். உன் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மட்டும் தெரியுமாம். நிக்காஹ் பேசிக்கொண்டிருந்த நேரம், ஒரு கண் இல்லாத பெண் என்று வெளியே போனால் மாப்பிள்ளை வீடு எழுந்து போய்விடும் என்று உன் வாயைப் பூட்டியிருக்கிறார்கள். பொங்கல் போட்டி நடந்தபோது மாப்பிள்ளையின் மாமா முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அவர் முகம்கூட ஞாபகம் வருகிறது, வெற்றிலை போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்படியானால் தினமும் அந்த வீச்சை எப்படித் தடுத்தாய்? இதையும் ஜன்னத்தே சொன்னாள். வீட்டில் உன் வலப்பக்கம் யாராவது வந்தால் செருப்புச் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லிவிடுவாயாம். நான் ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கம்பு காற்றில் சத்தம் போடும். பட்டறைக்குப் பின்னால் சாயங்காலம் மிஷினை நிறுத்திவிடுவார்கள், அமைதியாக இருக்கும். நீ என் கம்பைக் காதால் பார்த்திருக்கிறாய். பொங்கலன்று மேளம் அடித்தது. உனக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கே போனாலும் என்னை உன் இடது பக்கமே நிறுத்திக்கொள்வாய். பெண்டாட்டியை நிறுத்துகிற மாதிரி. உன்னைவிட ஆறு மாதம் மூத்தவள் நான், வலது பக்கம் எனக்கு உரியது, இவளுக்கு எவ்வளவு திமிர் என்று அதையும் மனதில் வைத்திருந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டு நடக்கத்தான் அப்படி நிறுத்தினாயா?

நிக்காஹ் வரை சொல்லக்கூடாது, சரி. அதற்குப் பிறகு? நாலு பிள்ளை பெற்றாய், பேரன் எடுத்தாய், உன் வீட்டுக்காரருக்கே தெரிந்துபோனது. என் ஒருத்திக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? ஒரு கண் இல்லாதவள் என்று நான் நினைப்பதைவிட, விட்டுக்கொடுத்த மகராசி என்று நான் எரிவது உனக்குப் பரவாயில்லை என்று இருந்ததா? அதில் உனக்கு ஒரு சுகம் இருந்திருக்கிறது. இல்லை என்று சொல்லாதே. எனக்கு உன்னைத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறுகளில் பிள்ளைகளின் கழுத்தை நிமிர்த்தினேன். லேசில் வரவில்லை. உன்னை அவர்கள் உடம்பிலிருந்து உரித்து எடுக்கிற மாதிரி இருந்தது. ஒரு குட்டி முறைத்துக்கொண்டே கேட்டாள், உஸ்தாத் தப்பா என்று. தப்பில்லை, உஸ்தாத் கண்ணுக்கு அது சரி, உனக்கு ரெண்டு கண் இருக்கிறது, ரெண்டையும் வைத்துப் பார் என்றேன். சண்டையில் கழுத்து நேராக இருக்கட்டும், சலாம் வரிசையில் மட்டும் உன் மாதிரியே வலது பக்கம் திருப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சலாம் வைக்கும்போது எவளும் அடிக்கப் போவதில்லை.

செம்பூர் போட்டியும் முடிந்துவிட்டது. உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். உன்னிடம் படித்த அந்தக் குட்டியும் என் பேத்தியும் எதிரெதிரே நின்றார்கள். உன் குட்டி என் பேத்தியின் முழங்கையில் தொட்டுவிட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் என் பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். என் ரத்தம், வேறு எப்படி இருக்கும்? மான்குர்துக்காரி சின்னப் பிள்ளை என்று விட்டுக்கொடுத்தாயா என்று கேட்டேன்.

"நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்? பதா நஹி பாட்டி, எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

இந்த ஒரு வார்த்தை மைமூன். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்று அன்றைக்கு ராத்திரி என் காதில் மட்டும் சொல்லியிருந்தால் போதாதா? நான் யாரிடம் போய்ச் சொல்லியிருக்கப் போகிறேன்? மனதில் வைத்துக்கொள்வதில் என்னை அடிக்க ஆள் உண்டா?

இனி ஒருத்தரும் விட்டுக்கொடுத்த கம்பு என்று பேச முடியாது. அதற்குத்தான் இதை அச்சில் போடச் சொல்கிறேன். நீ கொடுக்கவில்லை, நான் அடித்தேன். ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன், பொய் எழுத எனக்கு வராது. உனக்குக் கண் இல்லாத பக்கத்தில், காது கேட்காத நேரத்தில் அடித்திருக்கிறேன். அதை முழு ஜெயிப்பு என்று எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு மனசு ஒப்பவில்லை. வாப்பாவின் பிரம்புக் கம்பு பரணில் இருக்கிறது. எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் பிள்ளைகளிடம் போவேன், முழங்கால் விடுகிற வரைக்கும். அதற்குப் பிறகு நானும் நீ போன இடத்துக்குத்தான் வர வேண்டும். நீ எங்கே நின்றாலும் கண்டுபிடித்துவிடுவேன், கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவள் நீ ஒருத்திதான். மேளம் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வை. இந்தத் தடவை உன் இடது பக்கமாக வருவேன். நன்றாகப் பார்த்துத் தடு.

தூக்குச்சட்டியை ஜன்னத்திடம் வாங்கிக்கொண்டேன்.

உன்னைவிட ஆறு மாதம் மூத்த அக்கா,
செல்லக்கனி