பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அடுத்த வரியில் உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் நேற்று போனில் உங்கள் முகத்தையும், உங்கள் தோளுக்குப் பின்னால் என் சின்னவளின் முகத்தையும் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் என்ன விசாரிக்க? நீங்கள் இளைத்திருக்கிறீர்கள். அவளைத் தேடி அலைந்ததில்தான் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். நேற்று நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "சரி, அழுங்க, நான் எங்கயும் போகல" என்று நீங்களும் காத்துக்கொண்டிருந்தீர்கள். நாலு பேரை அதட்டுகிற சங்கத் தலைவி நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றதில் எங்கள் செயலாளருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவளும் என்னைப் போல வீட்டு வேலைக்குப் போகிறவள்தான். வாயாடி என்று நாங்கள் வைத்த பெயரை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். போனில் பேசினால் அழுதுவிடுவீங்க, எழுதிக் கொடுத்துடுங்க என்று அவள்தான் பேனாவைக் கையில் திணித்தாள். நம் இரண்டு சங்கத்துக்கும் உதவுகிற அமைப்பிலிருந்து வந்திருக்கும் அம்மா நாளை உங்கள் ஊருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த அமைப்பு நம்மையெல்லாம் ஒரே கூடத்தில் கூட்டி வைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை நாட்டுப் பெண்கள்! மீன் கழுவுகிறவர்கள், குப்பை பொறுக்குகிறவர்கள், குடியுரிமையே இல்லாதவர்கள். டீ குடித்துவிட்டு எல்லோரும் கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் மனசு கேட்காமல் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே உங்கள் கையிலும் ஒரு தட்டு நிறையக் கோப்பைகள். அங்கே வேலை பார்த்த பெண், என் வேலையை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று நம் இருவரையும் திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டே நாம் பழகினோம்.

அன்றைக்கு மாலை, உங்கள் சங்கத்துக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். நாங்கள் ஓர் அறைக்கு வாடகை கேட்டோம். வேறு யாரோ கம்ப்யூட்டர் கேட்டார்கள். நீங்கள் எழுந்து, மெத்தை வேண்டும் என்றீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வேலை செய்கிற வீட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வெளியே வருகிற பெண்கள் முதலில் படுக்கத்தான் இடம் தேடுவார்கள் என்று நீங்கள் சொன்னது அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. இன்றைக்கு என் மகள் அந்த மெத்தைகளில் ஒன்றில்தான் தூங்குகிறாள். வாங்கிக் கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். கேட்ட நீங்கள் அதைவிட நன்றாக இருங்கள்.

உங்கள் ஊருக்கு வீட்டு வேலைக்கு வந்தவளுக்கு ஏதோ சரியில்லை என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைசியாகப் பேசியபோது சாப்பாடு எப்படி என்றேன், நல்லா இருக்கும்மா என்றாள். வேலை எப்படி என்றேன், நல்லா இருக்கும்மா. வீட்டம்மா எப்படி என்றேன், அதற்கும் நல்லா இருக்காங்கம்மா. என் சின்னவள் குறை சொல்லாமல் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினவளே இல்லை அக்கா. சோற்றில் உப்பு சரியாக இருந்தால்கூட, நேற்று ஏன் இப்படிப் போடவில்லை என்று கேட்கிறவள். பக்கத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அதன் பிறகு போனே வரவில்லை.

அனுப்பிவைத்த ஏஜெண்ட் கையை விரித்துவிட்டான். என்னிடம் இருந்தது பேட்டையின் பெயர் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நீங்கள் வீட்டையே கண்டுபிடித்த கதையை இங்கே சங்கத்தில் வாயாடி தினமும் ஒரு தரம் சொல்கிறாள், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டி. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற உங்கள் பெண்களிடம் சொல்லிவைத்தீர்களாம், வேலைக்கு ஆள் இருந்தும் முதலாளியே குப்பையைக் கொண்டுவந்து வெளியே வைக்கிற வீடு எது என்று பாருங்கள் என்று. எந்தப் பணக்காரன் சும்மா குப்பை தூக்குவான்? பெண்ணை வாசல் தாண்ட விடக் கூடாது என்றால்தான் தூக்குவான். இதைக் கேட்டதும் எங்கள் பெண்கள் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குச் சிரிப்பும் ஆற்றாமையுமாக இருக்கிறது. நீங்கள் அரசாங்க அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போய், வீட்டம்மா வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, வீட்டில் இருந்த பெரியவரைக் கதவு திறக்க வைத்து, துணிமணியை எடும்மா போகலாம் என்றால், இந்த மகராசி, "பாத்திரம் பாதியில கிடக்கு, கழுவிட்டு வந்துடறேன்" என்றாளாமே! அதிகாரிக்கு வேர்த்துவிட்டதாம். இவளோடு வாதாடுகிற நேரத்துக்குத் துடைத்தே முடித்துவிடலாம் என்று நீங்களும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்களாம். நீங்கள் ஏறின வண்டி தெருமுனை திரும்பவும் வீட்டம்மாவின் கார் எதிரே வரவும் சரியாக இருந்ததாம். எல்லாம் என் வளர்ப்பு. எடுத்த வேலையைப் பாதியில் விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன், உயிரே போனாலும் சட்டி பளபளக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கே அவளுக்காக எல்லாம் தயார். அவள் அப்பா லோடு ஆட்டோவை இரண்டு தரம் கழுவிவிட்டார். விமான நிலையத்துக்கு லோடு ஆட்டோவிலா போவது என்று பெரியவள் கேட்டால், "எம் பொண்ணு அதுலதான் ஸ்கூலுக்குப் போனா" என்கிறார். பெரியவள் தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துப் பழகுகிறாளாம்.

அதனால் அக்கா, உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காகித வேலைகள் முடிந்ததும் அவளைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள். ஒரு நாள்கூட அதிகம் வைத்துக்கொள்ள வேண்டாம். அவளைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உங்கள் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
சின்னவளின் அம்மா

*

அக்காவுக்கு,

வணக்கம். இதைப் பெரியவளிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதற்கு முன் ஒன்று எழுதிக் கிழித்துப்போட்டேன். அதை நீங்கள் பார்க்காதது நம் இருவருக்கும் நல்லது.

சின்னவள், நான் ஊருக்கு வரவில்லை என்று போனில் சொன்னதும் எனக்கு உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. பிள்ளையை மீட்டுக் கொடுத்தவர் என்று வாய் நிறைய வாழ்த்தினவள், அதே வாயால் திட்டினேன். என் பெண்ணை வைத்துக்கொண்டு இவர்கள் தங்கள் சங்கத்துக்குப் பேர் சம்பாதிக்கிறார்கள் என்றுகூடச் சொன்னேன். வாயாடி கேட்டுக்கொண்டிருந்தாள். "முடிச்சாச்சா? இப்ப அவ என்ன சொன்னான்னு முழுசாச் சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் நான் முழுதாகக் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. வரவில்லை என்ற வார்த்தையோடு போனை வைத்துவிட்டிருந்தேன்.

மறுபடி கூப்பிட்டேன். சொன்னாள்.

அந்த வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாளாமே அக்கா. இவளைவிடச் சின்னவள், வேறு நாட்டுப் பெண், வேறு பாஷை. இவளுக்கு அது புரியாது, அவளுக்கு இது புரியாது. கையைக் காட்டிக் காட்டியே பேசிக்கொண்டார்களாம். இவள் அவளைக் குருவி என்று கூப்பிடுவாளாம். நீங்கள் போன அன்றைக்கும் குருவி பின்னறையில்தான் இருந்திருக்கிறாள். அவளிடம் எந்தக் காகிதமும் இல்லை. அதிகாரி கண்ணில் பட்டால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று வீட்டம்மா சொல்லி மிரட்டி வைத்திருக்கிறாள். உங்கள் குரல் கேட்டதும் குருவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாதே சொல்லாதே என்று தலையை ஆட்டியிருக்கிறாள். இவளும் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் பாதியில் கிடந்தால் வீட்டம்மா வந்து யாரை அடிப்பாள்? மிச்சம் இருக்கிறவளைத்தானே. அதனால் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன் அக்கா. என் வளர்ப்பு என்று பீற்றிக்கொண்டேன். நான் கற்றுக்கொடுத்தது சட்டி கழுவ மட்டும்தான். இது நான் கற்றுக்கொடுத்தது இல்லை.

குருவியை உள்ளே போட மாட்டார்கள், மீட்கப்பட்ட பெண்ணாகத்தான் நடத்துவார்கள் என்று நீங்கள் நன்றாக விசாரித்துச் சொன்ன பிறகுதான் இவள் வாயைத் திறந்தாளாம். அதிகாரி போய்க் கேட்டால் அந்த வீட்டார் அப்படி ஒரு பெண்ணே இங்கே இல்லை என்று சாதிக்கிறார்களாம். இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இவள் ஒருத்திதான் சாட்சி. இவள் விமானம் ஏறிவிட்டால் விசாரணையில் சொல்ல ஆள் இல்லை. விசாரணை எப்போது வரும், எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அந்த ஊரில், அந்த வீட்டார் நடமாடுகிற அதே ஊரில், இவள் இருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவும் கேட்ட பிறகும் வந்துவிடு என்றுதான் சொன்னேன். ஊரில் எத்தனையோ பெண்கள், நீ ஒருத்தி தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றேன். அவள், "நீங்களாம்மா இப்படிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம். சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற அந்த அறையில்தான், அமைப்பு வாடகை கொடுக்கிறதே, அதில். ஒரு பெண்ணை வேலை செய்த வீட்டில் கை நீட்டி அடித்திருக்கிறார்கள். புகார் எழுதலாம் என்றால் மாட்டேன் என்கிறாள். "எனக்குத்தான் வேற வீடு கிடைச்சிருச்சே அக்கா, எனக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்றாள். இப்படிச் சொல்கிற எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. நீ தப்பித்துவிட்டாய், நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகிறவள் யார் என்று கேட்பேன். யாரோ பெற்ற பெண்களிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், கேட்டு ஜெயித்தும் இருக்கிறேன். அன்றைக்கும் வழக்கம்போல ஆரம்பித்தேன். "நீ தப்பிச்சுட்ட" என்றதோடு நிறுத்தி, புகார் எழுத எடுத்த தாளை மடித்து வைத்துவிட்டேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு என்ன வயசாம்?" என்று கேட்டார். சரியாகத் தெரியவில்லை, நம்மவளைவிடச் சின்னவளாம் என்றேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இருந்து சொல்லிட்டே வரச் சொல்லு" என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

அக்கா, போன கடிதத்தில் அவளை ஒரு நாள்கூட அதிகம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற வரை அவள் உங்களிடம் இருக்கட்டும். அவள் அங்கே படுத்திருக்கிற இடம், சாப்பிடுகிற சோறு, கூட நிற்கிற வக்கீல், எல்லாவற்றுக்கும் நாங்கள் கேட்காமலே கை கொடுக்கிற எல்லோருக்கும் என் கும்பிடு. முகம் தெரியாத அவர்களை நினைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் தூங்கப் போகிறேன். பிள்ளை பக்கத்தில் இல்லாமல் தூங்க முடியும் என்பதே உங்களால்தான் எனக்குத் தெரிந்தது. குருவியின் அம்மா எந்த ஊரில் இருக்கிறாளோ, அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது இல்லையா? நான் பட்ட பாட்டைத்தானே அவளும் படுவாள்.

சின்னவள் குறை சொல்லும்போதுதான் வீராங்கனை. நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும்போதுகூட, ஜன்னலுக்கு வெளியே நான் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். விசாரணை அன்றைக்கும் கண் தானாக என்னைத் தேடும். அந்த வீட்டம்மா எதிரே உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தில் போய் இவள் கண் விழக் கூடாது.

எனக்கு அங்கே வர வழியில்லை. அன்றைக்கு நீங்கள் கொஞ்சம் முன்னதாகவே போய், அவள் கண்ணுக்கு நேரே ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளுங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்,
அவள் அம்மா