வாடைக் கதவு

சிவகாசி
9.12.2024, திங்கள்

தம்பி பாலகுருவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனசு வரவில்லை. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "மீட்டிங் இருக்குக்கா" என்று வைத்துவிடுகிறாய். ஈமெயிலை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா? காலண்டர் ஆர்டர் எல்லாம் முடிந்து எங்கள் பிரஸ்ஸில் இப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. ஊரான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை டைப் அடிக்கிற கை இன்றைக்கு உனக்காக அடிக்கிறது. படி.

ஜன்னல்களை எல்லாம் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறாயாமே? அம்மா நேற்று போனில் அழுதாள். "அம்புட்டு ஜன்னலும் பூட்டிக் கெடக்கு இசை. அடுப்படியில ஒரு பொட்டிக்குள்ள தீ எரியுது. நெனச்சா நெனச்ச நேரம் புஸ்சுங்குது. எனக்கு ஈரக்கொலை நடுங்குது" என்றாள். ஸ்காட்லாந்து பார்த்தாயா, பனி பார்த்தாயா என்று தெருவே அவளைக் கேட்கிறது. அவள் பார்த்தது பூட்டைத்தான்.

அப்பா எப்படிச் செத்தார் என்று உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது, வெட்கமாக இல்லையா? பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறை. எதிரும் புதிருமாக இரண்டு கதவு. தெற்குக் கதவுப் பக்கம் தீப்பிடித்ததும் வாடைக் கதவுக்கு ஓடினார். அது வெளியே கொக்கி போட்டுக் கிடந்தது. ஒரு கொக்கி, பாலகுரு. சுண்டுவிரலால் தள்ளினால் விழுகிற கொக்கி. போர்மேன் சீனிச்சாமி அதைப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்று போலீசில் எழுதிக் கொடுத்து, அந்த ஆளை மூன்று மாதம் உள்ளே வைத்தவள் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உனக்குப் பதினைந்து.

அதற்குப் பிறகும் அம்மா அதே கம்பெனிக்கு வேனில் போய் வந்துதான் உன்னை இன்ஜினியர் ஆக்கினாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனாய். போகட்டும், பேத்திதானே. ஆனால் பூட்டாதே. பூட்டினால்தான் உன் வீடு சூடாக இருக்குமென்றால் அம்மாவைத் திருப்பி அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இசைவாணி


டண்டீ
11.12.2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. பிரஸ்ஸில் எல்லோரும் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நல்லது.

அம்மா உன்னிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். இங்கே வெளியே மைனஸ் மூன்று. வீட்டுக்குள் இருபது டிகிரி இருக்க வேண்டும். அந்தப் பெட்டிதான் பாய்லர். அது தண்ணீரைக் காய்ச்சி, குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் இருக்கிற இரும்புப் பலகைகளுக்கு அனுப்புகிறது. ஜன்னலை ஒரு மணி நேரம் திறந்துவைத்தால் போன சூடு திரும்பிவர அரைநாள் ஆகும். இது பணக்காரத்தனம் இல்லை. இந்த ஊரில் சோறு, தண்ணீர் மாதிரி இது.

நானும் கற்பகமும் வேலைக்குக் கிளம்பியதும் அம்மா என்ன செய்கிறாள் தெரியுமா? முதலில் பாய்லரை அணைக்கிறாள். அடுத்து எல்லா ஜன்னலையும் திறக்கிறாள். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஹாலில் கார்ப்பெட் முழுக்கத் தெளிக்கிறாள்! சூடான வீட்டில் காற்று காய்ந்துபோகும். கார்ப்பெட்டில் நடந்துவிட்டுக் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஒரு ஷாக் அடிக்கும். எங்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு அது பொறி. கம்பெனியில் மருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே போவார்கள், அந்த மாதிரி இங்கே குழாயைத் தொட்டுத் தொட்டு நடக்கிறாள். இது வீடும்மா, கம்பெனி இல்லை என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுவாள். நான் தெருமுனை தாண்டினதும் திறந்துவிடுவாள்.

போன வாரம் நான் வந்தபோது ஹாலில் ஒன்பது டிகிரி. பாப்பா நாலு சட்டைக்குள் கிடந்தாள், உதடு நீலம். ஐந்து மாதக் குழந்தை. ஏற்கெனவே இரண்டு தடவை நெஞ்சுச் சளி. கார்ப்பெட் அடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? நான் பூட்டியது ஜன்னலை மட்டும்தான். வாசல் கதவு உள்ளிருந்து திறக்கும். அதை அவளிடம் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

என்னைச் சீனிச்சாமி ஆக்காதே.

பாலகுரு


சிவகாசி
13.12.2024

பாலகுரு,

இருபது டிகிரி, ஒன்பது டிகிரி என்று எனக்குக் கணக்கு வாத்தியார் வேலை பார்க்காதே. பாப்பாவுக்குச் சளி என்றால் எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. அதற்கு அம்மாவைக் கூண்டில் அடைக்க வேண்டுமா? கற்பகம் லீவு போடட்டும். நீ போடு. பயந்த மனுசியைப் பயத்தோடு வைத்துப் பூட்டுவது எந்த ஊர் நியாயம்?

நேற்று அம்மாவிடம் நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "அந்தப் பொட்டி சத்தம் போட்டாலோ, உனக்குப் பயமா இருந்தாலோ, யாரையும் கேட்காதே. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்து நின்னுரு" என்றேன். சரிம்மா என்றாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. உன்னால் கொடுக்க முடியாத தைரியத்தை ஏழாயிரம்பண்ணை வீட்டில் இருந்துகொண்டு நான் கொடுத்தேன்.

திருப்பி அனுப்புகிற தேதியை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இசைவாணி


டண்டீ
19.12.2024

அக்கா,

நீ கொடுத்த தைரியம் செய்த காரியத்தைக் கேள்.

செவ்வாய்க்கிழமை பாய்லர் சத்தம் போட்டிருக்கிறது. அம்மா பாப்பாவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடியிருக்கிறாள். இங்கே வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். போன் உள்ளே இருந்தது. அரை மணி நேரம் பனியில் நின்றிருக்கிறாள். தன் ஸ்வெட்டரையும் கழற்றிப் பாப்பாவுக்குச் சுற்றிவிட்டு வெறும் சேலையோடு நின்றவளைத் தபால்காரர் பார்த்துத் தன் வண்டியில் உட்காரவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பாப்பா ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், பால் குடிக்கிறாள். அம்மாவுக்குக் கால் விரல் இரண்டு இன்னும் மரத்துப்போய் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வைத்து நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "அப்பா செத்தது பூட்டின கதவால, என் பிள்ளையை நீ திறந்த கதவால கொல்லப் பார்த்த" என்றேன். அப்போதுதான் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்கப்பாவுக்கு மூணு நாளாக் காய்ச்சல்லே. மார்கழிப் பனி. லீவு போடுங்கன்னா கேக்கல. வாடைக் காத்து மேல பட்டுப் பட்டு வெடவெடன்னு நடுங்குனாரு. நாந்தான் அந்தக் கதவச் சாத்துனேன். காத்துக்குத் தொறந்து தொறந்து வந்துச்சு, வெளிய கொக்கியப் போட்டேன். மருந்து அடைக்கக் காயிதக் குழாய் எடுத்துட்டு வந்து தொறந்துருவோம்னுதான் போனேன். செத்த நேரந்தான்லே."

பதினான்கு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லவில்லையாம். நம்மிடமும் சொல்லவில்லை.

நான் ஜன்னல் பூட்டையெல்லாம் கழற்றிவிட்டேன். ஹால் ஜன்னல் ஒன்று எப்போதும் ஒரு சாண் திறந்திருக்கிறது. மூன்று பேரும் கோட் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம். கற்பகம் லீவு போட்டிருக்கிறாள். ஆனால் பாப்பாவை இனி அம்மாவிடம் விட்டுப்போக அவளுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. ஜனவரி நான்காம் தேதி அம்மா மதுரையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

அம்மா வரமாட்டேன் என்கிறாள். "இசை மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்" என்று ஒரே அழுகை. நீ அழைத்துக்கொள்கிறாயா இல்லையா, ஒரு வரி எழுது. பதில் வராவிட்டால் தூத்துக்குடிச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சீனிச்சாமி அந்தக் கதவைத் தொடவே இல்லை. அப்படியானால் நீ உன் கண்ணால் எதைப் பார்த்தாய், அக்கா?

பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
29.12.2024, ஞாயிறு

பாலகுரு,

பத்து நாளாக எழுதவில்லை. எழுதியிருந்தால் அம்மாவைத் திட்டித்தான் எழுதியிருப்பேன். நாலு தடவை அடித்து நாலு தடவையும் அழித்தேன். ஒவ்வொரு தடவையும் உன் கடைசிக் கேள்வி வந்து குறுக்கே நின்றது.

நான் எதையும் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையில் நான் கம்பெனிப் பக்கமே போகவில்லை, வீட்டில் தோசைக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது யாரோ ஒருத்தர் "கதவு கொக்கி போட்டிருந்துச்சாம்" என்றார். யாராவது ஒருவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. சீனிச்சாமி எதிரே நின்றார். பார்த்தேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பார்த்தது மாதிரி ஆகிவிட்டது. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

இன்று காலை மல்லாங்கிணறு போனேன். சீனிச்சாமி அங்கே மகள் வீட்டில் நாலு ஆடு வைத்துக்கொண்டு இருக்கிறார். அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே கேட்டார். முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"கொக்கி கெடந்தத நான் பார்த்தேன். தொறந்து வுட்டுருக்கணும். அவன் நடுங்குறதப் பார்த்துப் பாவம்னு விட்டுட்டேன். அது என் தப்பு, அதுக்கு நான் உள்ள இருந்தேன்னு வச்சுக்குவேன். நீ பார்க்காதத பார்த்தேன்னு சொன்ன பாரு, அது உன் தப்பு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து என் வாசல்ல கொட்டிட்டுப் போகாத. இனிமே இங்கன வராத தாயி."

மன்னிப்பார் என்று எதிர்பார்த்துப் போனேனா என்று நீ கேட்பாய். ஆமாம், போனேன். கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அவர்மேல்கூடக் கோபம் வந்தது, அதை என்னவென்று சொல்ல.

அம்மாமேல் எனக்கு ஆத்திரம்தான். ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும், நானும் பொய்யோடு இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து திரிந்திருக்க மாட்டேன். கோபம் இல்லை என்று அவளிடம் சமாதானம் சொல்லாதே. இசை கோபமாகத்தான் இருக்கிறாள் என்று சொல். வந்தால் இரண்டு நாளோ நாலு நாளோ முகம் கொடுத்துப் பேசமாட்டாள், ஆனால் சோறு போடுவாள் என்று சொல். தூத்துக்குடிக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். நாலாம் தேதி வண்டி பிடித்து மதுரைக்கு நானே வருகிறேன். கால் விரலுக்கு என்ன மருந்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பு. கற்பகத்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பாப்பாவை வாசலுக்கு அனுப்பியது என் வாய்தான்.

இதுவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. இதற்குக் கீழே இருப்பதைப் படிக்காதே.

பத்து நாளும் யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல். நடுங்கிக்கொண்டு வேலை பார்க்கிறார். வாடைக் காற்று நேரே அவர் மேல் அடிக்கிறது. அந்த அறையில் அம்மாவுக்குப் பதில் நான் இருந்திருந்தாலும் அந்தக் கதவைச் சாத்தித்தான் இருப்பேன்.

இதை நீ சொல்லிவிடாதே. நேரில் நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
இசைவாணி