கலாவின் சுண்டு விரல்

ஆடி 5, திங்கள்
காலையிலேர்ந்து புழுதிக் காத்து. லோடு வண்டிக்கு லீவு. பொண்டாட்டி கலாவைக் கூட்டிக்கிட்டு தாலுகா ஆபீஸு, காப்பீட்டு அட்டை முகாம். அவளுக்குப் பித்தப்பையில கல்லு. கடலூரு டாக்டரு ஆபரேஷனுக்கு ஆடி 19-ன்னு நாள் குறிச்சிட்டாரு. அட்டை இருந்தா அரசாங்கம் கட்டும். இல்லன்னா நம்ம கையிலேர்ந்து. அது நம்மால ஆவாது.

ரேஷன் கார்டு சரி. வருமானச் சான்று சரி. ரேகை மெஷினுல கட்டை விரல் வைச்சா சிவப்பு லைட்டு. ஆள்காட்டி விரலும் சிவப்பு. ரெண்டு கையும்தான்.

மெஷின் பொண்ணு: "ரேகையே இல்லியேம்மா. என்னா வேலை பாக்குறீங்க?"

"பீங்கான் பொம்மை. அச்சுலேர்ந்து எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. இருவது வருசமா."

"ஒரு வாரம் மண்ணு, தண்ணி எதுலயும் கை வைக்காதீங்க. எண்ணெ தடவுங்க. அடுத்த திங்கள்தான் கடைசி முகாம்."

"ஊரு பொம்மைக்கெல்லாம் மூஞ்சி குடுத்துட்டு உன் விரலைத் தொலைச்சிட்டியேடி"ன்னேன். முறைச்சா.

ஆடி 6, செவ்வாய்
அதே காத்து. இன்னிக்கு நான் செஞ்சது: கோலம் (கோணல்), சோறு (குழைஞ்சிது), பாத்திரம், துணி. அவ சேர்ல. கையெல்லாம் தேங்கா எண்ணெ. பேரு வைச்சிட்டேன், மேஸ்திரியம்மா.

"யோவ், சட்டி அடியில கரி அப்படியே இருக்குது."

"சரிங்க மேஸ்திரி."

அவளோட வேலை செய்யிற மேரி அக்கா வாசல்ல நின்னு சிரிக்குது. "தம்பி, எங்க வூட்டுலயும் நாலு பாத்திரம் கெடக்குது."

டீ குடிக்கையில பாத்தேன். சுண்டு விரலைத் தூக்கிட்டுதான் கிளாஸைப் புடிக்கிறா. பொம்மை தேய்க்கும்போதும் அப்படித்தான். கல்யாணமான நாள்லேர்ந்து நான் வைச்ச பேரு, துரைசாணி விரலு.

ஆடி 9, வெள்ளி
வாங்கணும்: சோப்பு, பச்சை மொளகா, இட்லி மாவு (அரைக்க நம்மால முடியாது).

ஸ்ரீமுஷ்ணம் லோடு சீக்கிரம் முடிஞ்சிது. வூட்டுல ஆளில்ல. பொம்மைக் கம்பெனியில போயி பாத்தா உப்புத்தாளோட உக்காந்திருக்கா! கொலு பொம்மை ஆர்டராம்.

"கொஞ்சம்தான்யா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

கத்திட்டேன். எல்லாரும் பாக்க. அதுக்கப்புறம் அவ பேசல. சோறு போட்டேன், தின்னா, பேசல.

இங்க மட்டும் எழுதறேன். வலி வந்து அவ சுருண்டு படுக்கும்போது எனக்குக் கிண்டல் வர்றதில்ல. பயம்தான்.

ஆடி 12, திங்கள்
மேகமூட்டம். முகாமுல நல்ல கூட்டம். கட்டை விரல் சிவப்பு. ஆள்காட்டி சிவப்பு. நடுவிரல், மோதிர விரல், எல்லாம் சிவப்பு. பொண்ணு அடுத்த ஆளைக் கூப்புட்டுடுச்சி. கலா எழுந்துட்டா.

நம்ம வாயி சும்மா இருக்குமா. "தங்கச்சி, துரைசாணி விரலு ஒன்னு பாக்கி இருக்குது. அது பொறந்ததுலேர்ந்து ஒரு வேலையும் செஞ்சதில்ல."

வைச்சா. பச்சை.

பொண்ணு கை தட்டிச்சி. மூணு நாளா பேசாதவ, "பாத்தியாய்யா"ன்னா. பாத்தேன். கண்ணுல தூசி வுழுந்துட்டுதுன்னு சொல்லி வெளிய வந்துட்டேன்.

ஆடி 19, திங்கள்
கடலூரு. தூறல். உள்ள போவும்போது வளையலைக் கழட்டிக் குடுத்தா. "சட்டியை ஊற வைச்சியா?"

வைக்கல. வைச்சேன்னு சொன்னேன்.

ரெண்டு மணி நேரம். டீ மூணு. வளையலு சட்டைப் பையில.

தள்ளுவண்டியில கூட்டியாந்தாங்க. வாயி வறண்டு பேச்சு வரல. கையைப் புடிச்சேன், மெத்துனு இருந்துது. மெதுவா உருவிக்கிட்டா. சுண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினா.